தும்மலை எண்ணினால் அழற்சி தெரிந்துவிடுமா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை கவுண்டரில் நீட்டிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சீட்டில் 'நேசல் ஸ்மியர், ஈசினோஃபில்' என்று இருந்தது. "ரத்தம் எடுப்பாங்க, தெரியும். மூத்திரம் எடுப்பாங்க, அதுவும் தெரியும். மூக்குச் சளிய எடுத்து இன்னா சார் பாக்கப் போறீங்க?"

வேலூரில் லேப் டெக்னீஷியனாக ஸ்லைடு பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன் நான். வரிசையில் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். "அலர்ஜி இருக்கான்னு பாக்கத்தாம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதி இது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நம் பக்கத்தில் மூக்கில் எது வந்தாலும் "எனக்கு சைனஸ் இருக்கு" என்பார்கள். சைனஸ் எல்லோருக்கும்தான் இருக்கிறது. முகத்து எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளின் பெயர் அது. "எனக்கு முழங்கை இருக்கு" என்று சொல்வதைப் போலத்தான். காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கிலும் கண்ணிலும் அரிப்பு, தண்ணீராக ஒழுகுதல், அப்புறம் அடைப்பு, காய்ச்சல் மட்டும் கிடையாது, இதே கதை வாரக்கணக்கில் ஓடுகிறது என்றால் அது பெரும்பாலும் ஒவ்வாமை மூக்கழற்சி. டாக்டர்கள் அலர்ஜிக் ரைனைட்டிஸ் என்பார்கள். சித்த வைத்தியத்தில் பீனிசம் என்ற பெரிய தலைப்புக்குள் இதையும் சேர்ப்பார்கள்.

அழற்சி என்ற சொல்லுக்குள் 'அழல்' இருக்கிறது. அழல் என்றால் நெருப்பு. பெயர் வைத்தவர் யாரோ, நோயை நன்றாகப் புரிந்துதான் வைத்திருக்கிறார். மூக்கின் உள்தோலில் ஒரு நெருப்பு மூண்டு, சில சமயம் கொழுந்துவிட்டும் சில சமயம் சாம்பலுக்கடியில் கனன்றும் கிடப்பதுதான் இந்த நோய். ஆனால் கண்ணால் பார்த்தால் ஏமாந்துபோவோம். அழற்சி என்றால் சிவந்து கிடக்க வேண்டும் என்று நினைப்போம். அலர்ஜி மூக்கின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் வெளுத்து, லேசாக நீலம் பாய்ந்து, ஊறிய பஞ்சு மாதிரி இருக்கும்.

நெருப்பை மூட்டுவது எது? வேலூருக்குப் பெயர் வந்ததே சுற்றி நின்ற வேல மரங்களால் என்று சொல்வார்கள். அந்த வேலத்தோடு பின்னாளில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலமும் சேர்ந்துகொண்டது. பாலாற்றுக் கரை, ஏரி உட்புறம், ரயில் பாதை ஓரம் என்று அது பரவாத இடமில்லை. அதன் மகரந்தம் இந்தியாவில் நன்றாக அறியப்பட்ட ஒவ்வாமைப் பொருள். வீட்டுக்குள் வந்தால் தூசியில் வாழும் மைட் என்ற நுண்ணிய உண்ணி. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மெத்தையிலும் தலையணையிலும் இருந்துகொண்டு நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று பிழைக்கிறது. ஈரக்காற்று இருந்தால்தான் தழைக்கும். வைத்தியத்துக்குக் கூட வந்து காந்தி ரோடு லாட்ஜில் மாதக்கணக்கில் தங்கும் கொல்கத்தாக்காரர் ஒருவர், "உங்கள் ஊர் வெயில் என் மூக்குக்கு நல்லது" என்று என்னிடம் சொன்னதுண்டு. லாட்ஜின் பழைய மெத்தையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி உள்ளே நடப்பது. சிலருடைய உடம்பு இந்த மகரந்தத்தையோ மைட்டையோ எதிரி என்று முடிவுகட்டி, ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. 1966-இல் இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதி இதைக் கண்டறிந்தார்கள். இந்த ஐ.ஜி.ஈ., மூக்குச் சுவரில் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை அதே தூசு வந்து தொட்டதும் மாஸ்ட் செல், ஹிஸ்டமின் முதலான சரக்கைக் கொட்டிவிடும். சில நிமிடங்களில் தும்மல், அரிப்பு, ஒழுகல். இது குடியாத்தம் தீப்பெட்டியில் குச்சி உரசுவது மாதிரி. பற்றும், அணையும்.

கதை அதோடு முடியாது. நாலு மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள், முதல் கலவரத்தில் கிளம்பிய செய்தியைக் கேட்டு ரத்தத்திலிருந்து வேறு செல்கள் வந்து சேரும். அவற்றில் முக்கியமானது ஈசினோஃபில் என்ற வெள்ளணு. இது வந்து தங்கினால் வீக்கமும் அடைப்பும் நீளும். உரசிய குச்சி விறகில் பிடித்துத் தணலாக நிற்பது இந்தக் கட்டம்தான். தும்மலை அடக்கும் மாத்திரை ஹிஸ்டமினைத் தடுத்து முதல் கட்டத்தில் நன்றாக வேலை செய்யும். தணலைத் தணிக்க ஸ்டீராய்டு ஸ்பிரே வேண்டும், அதுவும் முழுப் பலன் தர நாள், வாரம் என்று எடுத்துக்கொள்ளும்.

சரி, எவ்வளவு எரிகிறது என்று எப்படி அளப்பது? இங்கேதான் படித்தவர்கள்கூட மூன்று வெவ்வேறு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். நோயாளி என்ன உணர்கிறார் என்பது ஒன்று. மூக்கு வழியே காற்று எவ்வளவு போகிறது என்பது இன்னொன்று. உள்தோலில் என்ன செல், என்ன வேதிப்பொருள் இருக்கிறது என்பது மூன்றாவது. மூன்றும் உறவுக்காரர்கள்தான், ஆனால் ஒரே ஆள் இல்லை.

உணர்வை அளப்பது எளிது. தும்மல், அரிப்பு, ஒழுகல், அடைப்பு என்று நான்கு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், கூட்டினால் அதிகபட்சம் 12. மருந்து ஆய்வுகள் பலவும் இந்தக் கணக்கில்தான் நடக்கின்றன. இன்னும் எளிது, பத்து சென்டிமீட்டர் கோடு ஒன்றைப் போட்டு "தொந்தரவே இல்லைன்னா இந்த முனை, தாங்கவே முடியலைன்னா அந்த முனை, எங்க இருக்கீங்க?" என்று புள்ளி வைக்கச் சொல்வது. 5-க்கு மேல் போனால் நோய் கட்டுக்குள் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். காசு செலவில்லாத அளவுகோல், நோயாளிக்கு எது முக்கியமோ அதையே கேட்கிறது. குறை என்னவென்றால், மனிதன் எதற்கும் பழகிவிடுவான். சின்ன வயதிலிருந்து வாயால் மூச்சு விட்டே வளர்ந்தவரிடம் அடைப்பு உண்டா என்று கேட்டால் "அதெல்லாம் இல்லீங்க" என்பார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கையால் மூக்கு நுனியை மேல்நோக்கித் தேய்ப்பார். தேய்த்துத் தேய்த்து மூக்குத்தண்டின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கும்.

காற்றை அளப்பதற்குக் கருவிகள் உண்டு. எனக்குப் பிடித்தது மிக எளிமையானது. முகத்தில் ஒரு மாஸ்க், அதோடு ஒரு குழாய், உள்ளே நகரும் ஒரு முள். வாயை மூடிக்கொண்டு மூக்கால் ஒரே இழுப்பாக இழுத்தால், நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் வேகம் என்று முள் காட்டும். மூன்று முறை இழுத்து, நன்றாக வந்ததை எடுத்துக்கொள்வார்கள். ஆஸ்துமாக்காரர்கள் ஊதுவார்களே, அதன் தலைகீழ். உயரம், வயது, நுரையீரல் பலம் எல்லாம் இதில் கலந்துவிடும். அதனால் அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடுவதைவிட நம்முடைய பழைய எண்ணோடு ஒப்பிடுவதே பயன்.

அழுத்த வித்தியாசத்தையும் காற்றோட்டத்தையும் சேர்த்துப் பார்த்து மூக்கின் தடையைக் கணக்கிடும் கருவியும் இருக்கிறது. வழக்கமாக 150 பாஸ்கல் அழுத்தத்தில் கணக்கெடுப்பார்கள். ஒலியை உள்ளே அனுப்பித் திரும்பிவரும் எதிரொலியிலிருந்து எந்த இடத்தில் எவ்வளவு குறுகல் என்று வரைபடம் போடும் முறை 1989-இல் வந்தது. கிணற்றில் குரல் கொடுத்து ஆழத்தை ஊகிப்பதன் படித்த வடிவம் அது.

ஒற்றை நாசியை அளப்பவர்கள் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. நம் பெரியவர்கள் சரம் பார்ப்பார்கள், இடகலை பிங்கலை என்று. இப்போது எந்த நாசியில் மூச்சு ஓடுகிறது என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பயணம் கிளம்புவார்கள். சகுனத்துக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் ஒரு நாசி திறந்திருக்கும்போது மற்றொன்று சற்று அடைத்திருக்கும், சில மணி நேரத்தில் முறை மாறும் என்பது பலருக்கும் இயல்பாக நடப்பதுதான். ஐரோப்பிய மருத்துவத்தில் இதை 1895-இல் கெய்சர் என்பவர் பதிவு செய்தார். ஆகவே காலை பத்து மணிக்கு வலது நாசியை அளந்துவிட்டு, பகல் இரண்டு மணிக்கு மறுபடி அளந்து, "அடைப்பு கூடிவிட்டது" என்று பதறினால் அது நோயாக இல்லாமல் சரம் மாறியதாகவே இருக்கலாம்.

இந்தக் கருவிகள் எல்லாம் வழி எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைத்தான் சொல்லும். ஏன் அடைத்தது என்று சொல்லாது. காட்பாடி மேம்பாலத்தில் வண்டி நகரவில்லை என்று தெரிகிறது. முன்னால் பஸ் பழுதா, ஊர்வலமா என்று பின்னால் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? மூக்கின் நடுத்தண்டு வளைந்திருந்தாலும் அடைக்கும். படுத்தாலே கொஞ்சம் அடைக்கும். கர்ப்ப காலத்தில் சிலருக்கு அடைக்கும். ஒரு சின்ன தந்திரத்தால் இதில் பாதியைப் பிரித்துவிடலாம். முதலில் ஒரு முறை அளந்துவிட்டு, ரத்தக்குழாய்களைச் சுருக்கும் மூக்குச் சொட்டு மருந்தை விட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி அளப்பது. எண் நன்றாக ஏறினால் அடைப்புக்குக் காரணம் வீங்கிய சதை. ஏறவே இல்லையென்றால் எலும்பிலோ குருத்தெலும்பிலோ கோளாறு இருக்கலாம்.

இந்தச் சொட்டு மருந்து உதாரணத்தை நான் விடுவதாக இல்லை, ஏனென்றால் மொத்த விஷயமும் அதற்குள் அடங்கியிருக்கிறது. ஒரு பேச்சுக்கு, ஒருவருக்கு மருந்துக்கு முன் 70, கால் மணி நேரம் கழித்து 120 என்று வைத்துக்கொள்வோம். மூக்கு திறந்துவிட்டது. அவரும் "அப்பாடா" என்கிறார். அதே நிமிடம் அவர் மூக்கிலிருந்து ஸ்மியர் எடுத்தால் ஈசினோஃபில்கள் அப்படியே உட்கார்ந்திருக்கும். உணர்வு தேறியது, காற்று தேறியது, அழற்சி ஒரு துளியும் குறையவில்லை. இந்த மருந்தைக் கடையில் தாமாகவே வாங்கி வாரக்கணக்கில் விடுகிறவர்களுக்கு, விடாவிட்டால் மூக்கே திறக்காது என்ற நிலைகூட வந்துவிடுகிறது.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். மூக்கின் பக்கச் சுவரில் சுருண்ட இதழ் மாதிரி மூன்று மடிப்புகள் இருக்கும். "மூக்குல சதை வளர்ந்திருக்கு" என்று பலர் பயப்படுவது பல நேரம் இந்த இயல்பான சதை வீங்கியதைப் பார்த்துத்தான். அதில் கீழ் மடிப்பின் மேல், பஞ்சுக்குச்சியாலோ சின்ன பிளாஸ்டிக் கரண்டியாலோ லேசாக வருட வேண்டும். கண்ணில் தண்ணீர் வரும், ஒரு தும்மல் வரும், அவ்வளவுதான். வந்ததை ஸ்லைடில் மெல்லியதாகப் பரப்பி, உலர்த்தி, லீஷ்மன் ஸ்டெயின் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஊரே தெரியும்.

சளிக் கிருமித் தொற்று என்றால் நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் கூட்டமாக நிற்கும், உட்கரு மூன்று நான்கு துண்டாக. அலர்ஜி என்றால் ஈசினோஃபில். உட்கரு இரண்டு துண்டாக, கூலிங் கிளாஸ் மாட்டிய மாதிரி. சுற்றிலும் செம்பவளத் துகள்கள், பிளந்த மாதுளம்பழம்போல. ஈயோசின் என்ற சாயத்தை ஆவலோடு உறிஞ்சுவதால் 1879-இல் பால் எர்லிக் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். அந்தத் துகள்களுக்குள்தான் புழுக்களைக் கொல்வதற்கான நச்சுப் புரதங்கள் இருக்கின்றன. புழுவே இல்லாத மூக்கில் வந்து அதைக் கொட்டினால் நம்முடைய சொந்தச் சுவரே வெந்துபோகும்.

நூறு செல்லில் எத்தனை ஈசினோஃபில் என்று எண்ணுவோம். பத்துக்கு மேல் என்றால் கவனிக்கத்தக்கது என்பது பல இடங்களில் இருக்கும் வழக்கம், ஆனால் உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒரே கோடு கிடையாது. மூக்கின் ஒரு மூலையில் நிறைய இருக்கும், பக்கத்திலேயே குறைவாக இருக்கும். ஸ்பிரே அடித்துக்கொண்டிருப்பவருக்கு எண்ணிக்கை குறைந்திருக்கும், அதை எங்களிடம் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அலர்ஜியே இல்லாமல் ஈசினோஃபில் மட்டும் குவியும் ஒரு மூக்கழற்சியும் உண்டு. அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் பாதி சரி என்றது இதனால்தான். ஸ்மியர் காட்டுவது நெருப்பை. மூட்டியது எது என்பதை அது காட்டாது.

ரத்தத்தில் ஈசினோஃபில் கூடினால் நம் ஊரில் "இஸ்னோபீலியா" என்பார்கள். அதை வைத்து மூக்கைத் தீர்மானிப்பது இன்னும் ஆபத்து. குடற்புழு இருந்தாலும் கூடும், ஃபைலேரியாப் புழுவால் வரும் நுரையீரல் நோயிலும் மிக அதிகமாகக் கூடும். மூக்கு முழுக்க ஈசினோஃபில் இருந்தும் ரத்தத்தில் இயல்பாக இருப்பவர்களும் உண்டு. மொத்த ஐ.ஜி.ஈ. அளவும் இதே ரகம்தான்.

கையில் ஊசி நுனியால் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்ட் வேறு கேள்விக்கான பதில். 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடித்தால் அந்தப் பொருளுக்கு உடம்பு ஐ.ஜி.ஈ. வைத்திருக்கிறது என்று தெரியும். வீட்டில் தீப்பெட்டி இருக்கிறது என்பதுதான் அதன் பொருள், வீடு எரிகிறது என்பது இல்லை. கை தடித்தும் மூக்கில் ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் உண்டு. இதற்கு நேர்மாறாக, தோலிலும் ரத்தத்திலும் ஒன்றும் தெரியாமல் மூக்குக்குள் மட்டுமே ஒவ்வாமை இருப்பவர்களும் உண்டு. அவர்களைக் கண்டுபிடிக்க, சந்தேகப்படும் பொருளை மிகச் சிறிய அளவில் மூக்கிலேயே செலுத்தி, தும்மல், காற்றோட்டம், நீர் எல்லாவற்றையும் அளந்து பார்ப்பார்கள். ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும் அபாயம் இருப்பதால் உரிய வசதியுள்ள இடத்தில் மட்டும்தான்.

செல்லைத் தாண்டி வேதிப்பொருளை அளக்க வேண்டுமானால் மூக்கைக் கழுவிப் பார்க்கும் முறை உண்டு. தலையைப் பின்னால் சாய்த்து, ஒவ்வொரு நாசியிலும் 5 மி.லி. உப்புநீர், விழுங்காமல் பத்து விநாடி, பிறகு குனிந்து கிண்ணத்தில் விட்டுவிடுவது. ஜலநேத்தி செய்தவர்களுக்கு இது புதிதில்லை. அந்த நீரில் டிரிப்டேஸ் என்ற நொதி இருந்தால் மாஸ்ட் செல் சற்று முன்தான் வெடித்திருக்கிறது. ஈ.சி.பி. என்ற புரதம் இருந்தால் ஈசினோஃபில் வேலையில் இறங்கிவிட்டது. ஆல்புமின் கூடியிருந்தால் ரத்தக்குழாய் கசிகிறது. எந்த நேரத்தில் எடுத்தோம் என்பது முக்கியம். தூசு பட்ட பத்தாவது நிமிடமும் ஆறாவது மணியும் வேறு வேறு கதை சொல்லும்.

இதில் ஒரு பழைய தொல்லை உண்டு. ஊற்றிய தண்ணீரில் எவ்வளவு திரும்பி வந்தது, மூக்கு நீர் எவ்வளவு கலந்தது என்று சரியாகத் தெரியாது. ரசத்தைச் சுவைத்துப் பார்த்து எத்தனை கோலி புளி கரைத்தார்கள் என்று சொல்லச் சொன்னால், தண்ணீர் எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் உறிஞ்சும் தாள் துண்டையோ சின்ன ஸ்பாஞ்சையோ மூக்குச் சுவரில் சில நிமிடம் ஒட்டவைத்து, முன்னும் பின்னும் எடைபோட்டு, வந்த நீரின் அளவைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் முறை வந்தது. சதையைச் சிறிது வெட்டியெடுத்துப் பார்க்கும் பயாப்ஸி எல்லாவற்றையும்விட நேரடியானது. ஆனால் தும்மலுக்காக யார் மூக்கை வெட்டிக்கொள்வார்கள்? ஆய்வுகளில்தான் அது நடக்கும்.

நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவையும் அளக்கிறார்கள். ரத்தக்குழாய்களில் இது செய்திகொண்டு போகும் மூலக்கூறு என்று கண்டறிந்ததற்காக 1998-இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அழற்சி இருக்கும் மூச்சுக்குழாயில் இது கூடும். வாய் வழியே மெதுவாக ஊதி நுரையீரல் பக்கத்து அளவைப் பார்த்தால், பெரியவர்களுக்கு 25-க்குக் கீழ் குறைவு, 50-க்கு மேல் அதிகம் என்று கொள்வார்கள். நூறு கோடிக்கு இத்தனை பங்கு என்பது கணக்கு. அலர்ஜி மூக்கோடு ஆஸ்துமாவும் பதுங்கியிருக்கிறதா என்று பார்க்க இது உதவும், மூக்கும் நுரையீரலும் ஒரே பாதைதானே. மூக்கிலேயே அளந்தால் விஷயம் சிக்கலாகிவிடும். சைனஸ் அறைகளே இந்த வாயுவை ஏராளமாகத் தயாரிப்பதால் எண் நூற்றுக்கணக்கில் போகும். அழற்சி கூடினால் அளவு ஏற வேண்டும். ஆனால் அதே அழற்சி சைனஸ் வாசலை அடைத்துவிட்டால் அளவு இறங்கும். ஏறினாலும் நோய், இறங்கினாலும் நோய் என்றால் அந்தத் தராசை நம்பி என்ன வியாபாரம் செய்வது?

நடைமுறையில் டாக்டரின் அறையில் கேள்விகளும், தோல் டெஸ்ட்டோ ரத்த டெஸ்ட்டோ, சில நேரம் ஸ்மியரும்தான். மற்றவை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துச் சரக்கு. அப்படியானால் சாதாரண நோயாளிக்கு இதையெல்லாம் தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். பயன் ஒரு இடத்தில் இருக்கிறது. 1995-இல் இத்தாலிய ஆய்வாளர்கள், மைட் அலர்ஜி இருந்தும் அந்த நேரத்தில் ஒரு தொந்தரவும் இல்லாதவர்களின் மூக்கை ஆராய்ந்தார்கள். தும்மல் இல்லை, அடைப்பு இல்லை, ஆனால் உள்தோலில் அழற்சிச் செல்கள் இருந்தன. நீறு பூத்த நெருப்பு. வேலூர்க்காரர்களுக்கு நெருப்பைவிட ஆறே நல்ல உதாரணம். பாலாற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் வருடத்தில் பாதி நாள் வெறும் மணல், தோண்டினால் ஊற்று. அந்த ஊற்றுநிலையில் மூக்குச் செல்களின் மேல் ஐகேம்-1 என்ற மூலக்கூறும் காணப்பட்டது. ஜலதோஷத்தைக் கொண்டுவரும் ரைனோவைரஸ்களில் பெரும்பாலானவை நுழையும் வாசல் அதுதான். "எனக்கு மட்டும் எப்பப் பாத்தாலும் சளி புடிச்சுக்குது" என்று அலர்ஜிக்காரர்கள் புலம்புவதில் ஏதோ பொருள் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

ஸ்பிரேயை இரண்டு நாள் அடித்துவிட்டு "கேக்கல" என்று விடுபவர்களும், மூக்கு திறந்த அன்றைக்கே நிறுத்துபவர்களும் என்ன உணர்கிறோம் என்ற முதல் கேள்விக்கான பதிலை வைத்து, உள்தோலில் என்ன இருக்கிறது என்ற மூன்றாவது கேள்வியை முடித்துவிடுகிறார்கள். அடிக்கும் விதத்திலும் ஒன்று உண்டு. வலது கையால் இடது நாசியில், இடது கையால் வலது நாசியில் அடித்தால் மருந்து நடுத்தண்டில் விழாமல் பக்கச் சுவரில் விழும். தணல் இருப்பது அங்கேதான்.

அந்த அம்மா ஒன்றரை மாதம் கழித்து மறுபடியும் வந்தார். அன்று வரிசை இல்லை. முகம் தெளிந்திருந்தது, தும்மலே இல்லை என்றார். "மருந்த நிறுத்திடலாமா சார்?" "அத டாக்டர்தாம்மா சொல்லணும்" என்றேன். ஸ்லைடில் ஈசினோஃபில் முன்னைக்குப் பாதியாகியிருந்தது, போய்விடவில்லை. பார்க்கிறீர்களா என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார், ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"இவ்ளோ அழகா இருந்துகினு இன்னா பாடு படுத்துது பாரு" என்றார்.